ரோதமுனிக்கு எதற்கு வெட்கம்?

தோட்டத்துச் சாமிகளைப் பற்றி இப்போது இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஒன்று: "அதெல்லாம் பேய் வழிபாடு, படிக்காத ஆளுங்க காலத்துச் சங்கதி." இன்னொன்று: "சாமி இருக்கட்டும், ஆனா முறைப்படி ஆகமக் கோயிலா மாத்திடுவோம்." முதல் பேச்சு கல்லைத் தூக்கி ஆற்றில் போடச் சொல்கிறது. இரண்டாவது அதே கல்லுக்கு மேலே கொங்கிரீட் கொட்டச் சொல்கிறது. நாங்கள் இரண்டுக்கும் எதிர்.

வேடிக்கை என்ன தெரியுமா? முதல் பேச்சைப் பேசுகிற அதே பசங்கதான் ராத்திரி போனில் விக்கா வீடியோ பார்க்கிறார்கள். பௌர்ணமிக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது, மூலிகை எரிப்பது, நிலவைத் தாயாகக் கும்பிடுவது, கொம்பு வைத்த காட்டுத் தெய்வத்தை அழைப்பது. பார்த்துவிட்டு "செம டீப்பா இருக்கு" என்று ஷேர் வேறு. நம்ம அம்மாச்சி வேப்பிலையைக் கையில் பிடித்து ஆடினால் மூடநம்பிக்கை. வெளிநாட்டுப் பிள்ளை ரோஸ்மேரி கொத்தைப் பற்றவைத்தால் ஆன்மிகம். இந்தத் தராசு யார் கொடுத்தது என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

விக்காவைக் கேலி செய்வது எங்கள் நோக்கமில்லை. அதன் கதையை ஒழுங்காகப் படித்தால், வெட்கப்பட நமக்கு ஒரு காரணமும் இல்லை என்பது தெரியும். ஏனென்றால் அந்தக் கதையின் ஒரு துண்டு நம்ம தேயிலை மலையிலேயே கிடக்கிறது.

விக்காவை உலகத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற இங்கிலாந்துக்காரர். 1884 இல் பிறந்தவர். 1900 இல், பதினாறு வயசில், இலங்கைக்கு வந்தார். எதற்கு? தேயிலை வேலை பழக. மஸ்கெலியாப் பக்கம் லாட்புரூக் தோட்டத்தில் கிறீப்பராக, அதாவது துரை வேலை பழகுகிற பையனாக இருந்தார். பிறகு ஹோர்ட்டன் சமவெளிக்குக் கீழே நொன்பரேல் தோட்டம். அதன் பிறகு பெலிஹுல்ஓயாப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அப்புறம் போர்னியோ, மலாயா என்று போய், மலாயாவில் சுங்க அதிகாரியாக வேலை பார்த்து, 1936 இல் ஓய்வு பெற்று நாடு திரும்பினார். 1939 இல் இங்கிலாந்தில் ஒரு பழைய சூனியக்காரக் கூட்டம் தன்னைச் சேர்த்துக்கொண்டது என்று பின்னாளில் சொன்னார். 1951 இல் அந்த நாட்டின் பழைய சூனியச் சட்டம் நீக்கப்பட்டது. 1954 இல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. அதிலிருந்து ஒரு சமயம் வளர்ந்தது.

அவர் நம்ம சாமிகளைத் திருடிக்கொண்டு போனார் என்று நாங்கள் சொல்லவரவில்லை. அப்படி ஒரு கதையைக் கட்டிவிட்டால் லைக் நிறைய விழும், ஆனால் அது பொய்யாக இருக்கும். இலங்கையில் இருந்த காலத்தில் அவருக்கு அக்கறை வந்தது சிங்கள மக்களின் பௌத்த நம்பிக்கைகள் மேல் என்றுதான் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எங்களை உறுத்துவது வேறு. ஒரே காலம், ஒரே தேயிலை. மேலே பங்களாவில் பின்னாளில் ஒரு சமயத்தையே உருவாக்கப்போகிற ஒரு பையன். கீழே லயத்தில் ஏற்கெனவே சாமிகளை உருவாக்கிக்கொண்டிருந்த ஒரு சனம். பங்களாப் பையன் உருவாக்கியதற்குப் புத்தகமும் ஆராய்ச்சியும் இருக்கிறது. அமெரிக்காவில் படைவீரர் கல்லறையில் பொறிக்கிற அடையாளமாக விக்காவின் ஐமுனை நட்சத்திரத்தை 2007 இல் அந்த அரசே ஏற்றுக்கொண்டது. லயத்துச் சனம் உருவாக்கிய சாமிக்கு, சொந்தப் பேரப்பிள்ளையிடம்கூட மரியாதை இல்லை.

சரி, லயத்துச் சனம் அப்படி என்ன உருவாக்கியது?

மாரியம்மன், முனியாண்டி, மாடசாமி, மதுரைவீரன், காளி எல்லாம் ஊரிலிருந்து கூடவே வந்த சாமிகள். மன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்து, பாதியில் செத்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு வந்த சனத்தோடு வந்தவை. பதுளைக்கு ரயில் வந்ததே 1924 இல்தான். ரயில் வருவதற்கு முன்னால் ஊவா மலைக்கு ஏறியவர்களில் பெரும்பாலானவர்கள் கால்நடையாகத்தான் ஏறினார்கள். அந்த நடைக்குத் துணையாக வந்த சாமிகள் இவை.

ஆனால் ரோதமுனி ஊரிலிருந்து வந்த சாமி இல்லை. ரோதை என்றால் சக்கரம். ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மெசினை ஓட்டிய பெரிய சக்கரம். திருநெல்வேலியிலோ திருச்சியிலோ எந்தக் கிராமத்திலும் அப்படி ஒரு முனி இருந்திருக்க முடியாது, ஏனென்றால் அந்தக் காலத்தில் அங்கே தேயிலை ஸ்டோர் இல்லை. கை போனால் போனதுதான் என்கிற மெசினுக்கு முன்னால் நின்று வேலை செய்தவர்கள், அந்தச் சக்கரத்துக்குள் ஒரு முனியைக் கண்டார்கள். அதற்குப் பூசை போட்டார்கள், சேவல் கொடுத்தார்கள். கவ்வாத்துசாமியும் அப்படித்தான். தேயிலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குகிற நாளில், கத்தி பிடிக்கிற கை வழுக்காமல் இருக்க ஒரு சாமி. கொழுந்து மலையில் நிரை பிடித்து இறங்கும்போது "பொலி பொலி" என்று சொல்லி முதல் கொழுந்தைப் பறிக்கிற வழக்கமும் இந்த வரிசையில்தான் வரும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். துரைக்கு அந்த மெசின் முதலீடு. கணக்கப்பிள்ளைக்கு அது இத்தனை இறாத்தல் தேயிலை. அதற்கு ரத்தம் தேவைப்படுகிறது என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் தொழிலாளர்கள் மட்டும்தான். ரோதமுனியை மூடநம்பிக்கை என்று சொல்வதற்கு முன்னால், ஆலைக்குள் நடந்த விபத்தை அந்தக் காலத்தில் வேறு யார், எந்த மொழியில் பேசினார்கள் என்று கேளுங்கள்.

"ஆனா அதெல்லாம் நேத்து முளைச்ச சாமிங்கதானே, வேதத்தில இருக்கா, ஆகமத்தில இருக்கா?" இதுதான் அடுத்த கேள்வி. விக்காவின் கதை இந்த இடத்தில்தான் நமக்கு உதவுகிறது.

விக்காவில் இரண்டு தெய்வங்கள் முக்கியம். ஒன்று நிலாவோடு சேர்ந்த தாய்த் தெய்வம். கன்னி, தாய், கிழவி என்று மூன்று முகம். இன்னொன்று கொம்புள்ள ஆண் தெய்வம். காடு, வேட்டை, சாவு எல்லாம் அவர் பக்கம். ஆளுக்கும் கூட்டத்துக்கும் ஏற்றபடி டயானா, ஹெக்கட்டி, அராடியா, செர்னுன்னோஸ், பான் என்று பல பேரால் அழைக்கிறார்கள். நம்ம காளியைக்கூடச் சிலர் அழைக்கிறார்கள். இது கிறிஸ்தவத்துக்கு முந்தின பழைய சமயம், ரகசியமாக உயிரோடு இருந்தது என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. மார்கரெட் மரே என்ற அறிஞர் 1921 இல் எழுதிய புத்தகம் அந்தக் கருத்துக்கு அடித்தளம் போட்டது. பிறகு வந்த வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. 1999 இல் ரொனால்ட் ஹட்டன் என்ற வரலாற்றாசிரியர் விரிவாக எழுதினார்: விக்கா, 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான புதுச் சமயம். மூன்று முகத் தாய் என்ற வடிவமே ராபர்ட் கிரேவ்ஸ் என்ற கவிஞர் 1948 இல் எழுதிய புத்தகத்தால் பரவியதுதான்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? விக்காவைப் பின்பற்றுகிறவர்கள் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்களா? இல்லை. அவர்களில் நிறையப் பேர் "ஆமா, புதுசுதான், மனுசங்க உருவாக்கினதுதான், அதனால என்ன?" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து கும்பிடுகிறார்கள்.

அந்த "அதனால என்ன?" நம்ம வாயில் ஏன் வரமாட்டேன் என்கிறது? ரோதமுனி மனுசன் உருவாக்கிய சாமிதான். எந்த மனுசன் என்றும் தெரியும், எந்த வேலைக்காக என்றும் தெரியும். எத்தனை சமயங்களுக்கு இவ்வளவு தெளிவான பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது?

ஆகமத்தில் இல்லாதது அசல் இல்லை என்பவர்களுக்கு வெளிநாட்டு உதாரணம்கூடத் தேவையில்லை. நம்ம ஊவா மாகாணத்துக்குள்ளேயே கதிர்காமம் இருக்கிறது. மூலஸ்தானத்தில் விக்கிரகம் இல்லை, திரைக்குப் பின்னால் பூசை. பூசை செய்வது கப்புறாளைமார், ஆகமம் படித்த குருக்கள் இல்லை. வள்ளியைத் தேடிக் காட்டுக்கு வந்து, வேடுவர் வீட்டுப் பெண்ணைக் கட்டிய சாமி. அந்தக் கோயிலை ஆகமப்படி மாற்றிக் கட்டுவோம் என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து நடந்தே வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அப்படியென்றால் பிரச்சினை ஆகமம் இல்லை. கும்பிடுகிறவன் யார் என்பதுதான் பிரச்சினை. பெரிய இடத்துச் சனம் கும்பிட்டால் மரபு. தோட்டத்துச் சனம் கும்பிட்டால் காட்டுமிராண்டித்தனம்.

இன்னொரு உதாரணம். விக்காவின் வருசத்தில் எட்டுத் திருநாள். அந்தச் சுற்றில் ஆண் தெய்வம் பிறக்கிறார், வளர்கிறார், சாகிறார், மறுபடி பிறக்கிறார். இந்த எட்டும் சேர்ந்த நாட்காட்டி 1950களில்தான் உருவானது. இதைப் பற்றிக் கேட்டால் நம்ம பசங்க வாயைப் பிளக்கிறார்கள். மாசி மாசம் தோட்டத்தில் நடப்பது என்ன? அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்றி, ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் கட்டி, தப்பு அடித்து, லயம் லயமாகப் போய் ஆடி, கடைசியில் சிவன் கண்ணால் எரிந்து மன்மதன் சாகிறார். ரதி ஒப்பாரி வைக்கிறாள். பிறகு அவர் எழுந்து வருகிறார். செத்துப் பிறக்கிற தெய்வம்தானே இதுவும்? அதுவும் ராத்திரி முழுக்க, முழுத் தோட்டமே கூடிப் பார்க்கிற கூத்தாக. இதை ஆடத் தெரிந்த வாத்தியார்மார் வயசாகிப் போகிறார்கள். கற்றுக்கொள்ள ஆள் இல்லை.

இதில் அரசாங்கத்துக்கும் பங்கு இருக்கிறது. 2018 செப்டெம்பரில், இந்துக் கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் கொண்டுவர அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2003 இல் பழைய பலித்தடைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, 2004 இல் அந்தச் சட்டத்தையே நீக்க வேண்டிவந்தது. பலி வேண்டாம் என்று ஒருத்தர் சொன்னால் அவரோடு உட்கார்ந்து பேச நாங்கள் தயார். எங்களுக்குள்ளேயே அதில் இரண்டு கருத்து உண்டு. ஆனால் இறைச்சிக் கடை எந்தக் கேள்வியும் இல்லாமல் நடக்கிற நாட்டில், வருசத்துக்கு ஒருநாள் முனிக்கு வெட்டிச் சமைத்துப் பகிர்ந்து சாப்பிடுகிறவன் மட்டும் குற்றவாளியாவது உயிர்மேல் உள்ள இரக்கம் இல்லை. "உங்க சாமி கீழான சாமி" என்பதைச் சட்டத்தின் மொழியில் சொல்வதுதான்.

இதுவரை வெளியே பார்த்துப் பேசினோம். இனி நம்ம பக்கம் திரும்புவோம். ஏனென்றால் பழசு எல்லாம் பொன் என்று சொல்கிற கூட்டத்திலும் நாங்கள் இல்லை.

முதலாவது, பெண்கள். "நம்ம சமயத்தில பெண் தெய்வம் இருக்கு, பெண்ணுக்கு எவ்வளவு மரியாதை பாருங்க" என்று மேடையில் முழங்குவது சுலபம். கொழுந்து எடுக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். கோயில் சந்தா அவர்கள் சம்பளத்திலிருந்தும் போகிறது. பால்குடம் தூக்குவது, தீ மிதிப்பது, மாவிளக்கு இடிப்பது எல்லாம் அவர்கள். ஆனால் கோயில் கமிட்டியில் எத்தனை பெண்கள்? உங்கள் தோட்டத்தில் எண்ணிப் பாருங்கள், ஒரு கைவிரலே மிச்சமாக இருக்கும். மாரியம்மன் கர்ப்பக்கிரகத்துக்குள் இருக்கிறாள். அவளை எப்போது வெளியே எடுப்பது, காசை எப்படிச் செலவழிப்பது என்று முடிவெடுப்பது ஆம்பளைகள்.

விக்காவிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. அங்கே பூசையை நடத்துகிற தலைமைப் பெண் உண்டு, அவள்தான் தெய்வத்தின் வாய். கார்ட்னருடைய கூட்டத்தில் அந்த இடத்தில் இருந்தவர் டோரீன் வாலியன்ட். விக்காவின் வழிபாட்டு வாசகங்களில் முக்கியமானவை அவர் கைபட்டவை. 1957 இல் கார்ட்னர் "பழைய சட்டம்" என்று சொல்லி ஒரு பட்டியலை நீட்டினார். வயசான தலைமைப் பெண் இளையவளுக்கு இடம்விட்டு ஒதுங்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. இது பழைய சட்டமா, இப்போது எழுதினதா என்று கேட்டுவிட்டு வாலியன்ட் கூட்டத்தை விட்டே வெளியேறினார். பெண் தெய்வத்தைக் கும்பிடுவதால் மட்டும் பெண்ணுக்கு அதிகாரம் வந்துவிடாது. இங்கிலாந்திலும் வராது, மடுல்சீமையிலும் வராது. கேட்டால்தான் வரும்.

இரண்டாவது, சாதி. யார் தப்பு அடிப்பது, யார் கரகம் எடுப்பது, முதல் விபூதி யாருக்கு, எந்த லயத்து வாசலில் சாமி நிற்கும், எந்த லயத்தைத் தாண்டிப் போகும். இதெல்லாம் இன்னும் கணக்குப் பார்த்துத்தான் நடக்கிறது. தப்பு இல்லாமல் சாமி வராது என்கிறார்கள். தப்பு அடிக்கிறவன் வீட்டில் தண்ணீர் குடிக்க மட்டும் யோசிக்கிறார்கள்.

மூன்றாவது, துரைமார். திருவிழாவுக்கு லீவு கொடுத்து, மரம் கொடுத்து, காசு கொடுத்து, பதிலுக்கு முதல் மரியாதை வாங்கிக்கொண்ட வரலாறு நம்ம கோயில்களுக்கு உண்டு. தேர் பங்களா வாசலுக்குப் போய், துரைக்கு மாலை போட்டுத் திரும்பியிருக்கிறது. கோயிலைக் கையில் வைத்திருந்த கங்காணி, சனத்தையும் கையில் வைத்திருந்தான். சம்பளத்தைக் கேட்க வேண்டிய வாயை சாமி பேரால் அடைக்கவும் முடியும் என்று தெரிந்துதான் செய்தார்கள். இதை மறைத்துவிட்டு "நம்ம பாரம்பரியம்" என்று மட்டும் பேசுவது நேர்மையில்லை.

அப்படியென்றால் ஏன் இந்தக் கல்லுகளுக்காக இவ்வளவு கத்துகிறோம்?

காணி நம்மதில்லை என்பதற்காகத்தான். 1948 இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964 ஒப்பந்தத்தில் தலையை எண்ணிப் பங்கு போட்டார்கள். 1970களில் தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது, 1992 இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனது. எந்த மாற்றத்திலும் லயத்துக் காம்பரா அதில் குடியிருந்தவன் பேருக்கு வரவில்லை. நாலு தலைமுறை வேலை செய்த மலையில் நம்ம பேர் எழுதியிருப்பது செக்ரோலில் மட்டும்தான். அந்தச் செக்ரோல் பழசானால் கறையான் தின்னும். ஆனால் மரத்தடியில் நட்ட அந்தக் கல், "இங்கே இந்தச் சனம் இருந்தது, இந்த வேலை செய்தது, இதற்குப் பயந்தது, இதை நம்பியது" என்று சொல்கிறது. ஊவா மலைக்கு யார் வந்தார்கள் என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட நம்மிடம் பத்திரம் இல்லை. முனிதான் இருக்கிறது.

அந்தக் கல்லை எடுத்துவிட்டு கோபுரம் கட்டினால் என்ன ஆகும்? வாசலில் மார்பிள் பலகை வரும். அதில் நன்கொடை கொடுத்தவர் பேர், திறந்து வைத்த அரசியல்வாதி பேர். ரோதமுனிக்கு "ஸ்ரீ" போட்டு, ஒரு புராணக் கதை ஒட்டி, சிவனுக்குச் சொந்தக்காரராக்கிவிடுவார்கள். மெசினில் கை போனவனின் கதை அதில் இருக்காது. இந்த மாற்றத்தைப் பக்தி என்கிறார்கள். எங்களுக்கு அது அழிப்பாகத்தான் தெரிகிறது.

அதனால் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். கோயில் திருத்தப் போகிறீர்களா, திருத்துங்கள். கூரை ஒழுகினால் போடுங்கள். ஆனால் பழைய கல்லை, பழைய பேரை, அது நட்ட இடத்தை மாற்றாதீர்கள். சந்தா கட்டுகிறவர்களில் பாதிக்குமேல் பெண்கள் என்றால் கமிட்டியிலும் பாதி பெண்கள் வரட்டும், கணக்கு எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டப்படட்டும். தப்பு அடிக்கிறவருக்கும் முதல் விபூதி கிடைக்கட்டும். சாமி எல்லா லயத்து வாசலிலும் நிற்கட்டும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று. சி.வி. வேலுப்பிள்ளை நம்ம மக்களின் பாட்டுகளைத் தேடித் தொகுத்திராவிட்டால் அதில் எத்தனையோ போயிருக்கும். சாமிகளுக்கும் அப்படி வேலை செய்ய ஆள் வேணும். விக்கா வீடியோ பார்க்கிற அந்த போனில் ரெக்கோர்டரும் இருக்கிறது. கொழுந்து மலையிலிருந்து பென்சன் வாங்கி வந்த பெரியவங்க யாராவது உங்க லயத்தில் இருப்பாங்க. பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க: ஸ்டோருக்குப் பின்னால இருக்கிற கல்லு யாரு? யாரு நட்டது? எதுக்கு? கடைசியா எப்போ பூசை போட்டாங்க, ஏன் நிறுத்தினாங்க? கும்பிடச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எங்களிலேயே சாமி கும்பிடாதவர்கள் உண்டு. ஆனால் கேட்டு எழுதிவையுங்கள், அவங்க சொல்லுற அதே சொல்லில். இந்த ஆடிக்குள் ஒரு தோட்டத்துக்கு ஒரு சாமியின் கதையாவது எழுத்தில் வந்துவிட வேண்டும்.